முந்நூற்று நாற்பது சிவப்புச் சட்டைகள்

ஊர்வலத்துக்குச் சட்டை வாங்கும் வேலை
என் தலையில் விழுந்தது.
கணக்கில் நான் கறாராம்.

சங்கத்தின் கையிருப்பு பதினைந்தாயிரம் ராண்ட்.
ஜேக்கப்ஸில் இன்னும் மூடாமல் கிடக்கும் ஆலையில்
சட்டைக்குத் தொண்ணூற்று நான்கு கேட்டார்கள்.
"இதில் பாதி நீங்கள் வாங்கிக்கொண்ட கூலி, சவுந்தரி"
என்றார் முதலாளி, தலையைச் சொறிந்தபடி.
பொய்யில்லை.
அந்தப் பேச்சுவார்த்தையில்
மேசையைத் தட்டியவள் நான்தான்.

சைனா மாலில் நாற்பத்தொன்று.
அச்சும் சேர்த்து.
'மலிவு இறக்குமதியை நிறுத்து.
எங்கள் வேலை எங்களுக்கு.'
எழுத்துப்பிழை இருக்கிறதா பார்க்கச் சொல்லி
கடைப்பையன் அதை
இரண்டு தரம் உரக்க வாசித்தான்.
சிரிக்கவில்லை.
முன்பணம் கேட்டான்.

வெள்ளி ராத்திரி சாட்ஸ்வொர்த்தில்
என் சாப்பாட்டு மேசைமேல் சிவப்பு மலை.
தெம்பிசிலேயும் நானும்
கழுத்தோர லேபிள்களைப் பிரிக்க உட்கார்ந்தோம்.
ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம்,
ஏதோ திருட்டுச் சாராயம் காய்ச்சுவதுபோல.

இருபத்தாறு வருஷம் லேபிள் வைத்த கை இது.
கழுத்து மடிப்பின் நட்டநடுவில்
ஒரு நூல் கோணாமல்
மணிக்கு நூற்றெண்பது.
தைப்பதைவிடப் பிரிக்க நேரமாகிறது.
கடிகாரத்தோடு பின்னால் நின்ற எவனும்
இதை அளந்ததில்லை.

தெம்பிசிலேயின் தங்கை நியூகாஸிலில்
சட்டக் கூலிக்குக் கீழே தைக்கிறாள்.
ஆய்வாளர் வந்த அன்று
ஆலைக் கதவை உள்ளிருந்து தாழிட்டது
முதலாளி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.
"என் தங்கைதான்" என்றாள்
தலை நிமிராமல்.
"மூடிவிட்டால் அந்தப் பாதிக் கூலியை
நீயா கொடுப்பாய்?"
நான் அடுத்த சட்டையை எடுத்தேன்.

நூற்றுப் பன்னிரண்டோ பதின்மூன்றோ,
ஒன்றில் தோள்தையல்
ஓரங்குலம் தாண்டிப் போயிருந்தது.
சிவப்பு கைக்கு எட்டாத அவசரத்தில்
ஆரஞ்சு நூலால்
யாரோ கையால் மூடியிருந்தாள்.
ஐந்து தையல், ஒரு முடிச்சு.
நுனியைப் பல்லால் கடித்த அடையாளம்.
சூப்பர்வைசர் திரும்புவதற்குள்
மடிக்குக் கீழே வைத்து
நானும் இப்படித்தான் மூடுவேன்.

நாற்பத்தொன்றில்
கடைக்கு, கப்பலுக்கு, துறைமுகத்துக்கு,
சாயத்துக்கு, துணிக்கு, அச்சுக்கு
என்று கழித்துக்கொண்டே போனேன்.
அவளிடம் வந்து சேர்ந்தபோது
இரண்டு ராண்ட்கூட மிஞ்சவில்லை.
கறார் கணக்குதான்.
எங்கே தப்பு என்று
விடியும்வரை தெரியவில்லை.

பிரித்த லேபிள்களைக்
குப்பையில் போட பயம், எரித்தால் நாற்றம்.
பிஸ்கட் டப்பாவில் திணித்து
அடுப்புக்கு மேலே வைத்தேன்.

சனிக்கிழமை நல்ல வெயில்.
லாரிமேல் நின்று பொருளாளர் முழங்கினார்:
"அவர்களுடைய கூலி
நம் கழுத்தை நெரிக்கிறது, தோழர்களே!"
எனக்கு முன்னால் நடந்த அத்தனை பேரும்
பிடரியைச் சொறிந்துகொண்டே
கை உயர்த்தினார்கள்.
அரைகுறையாய் அறுந்த நைலான் முனை.
எங்கள் வேலைதான்.
அவசரத்தில் செய்தால் அப்படித்தான் வரும்.

நானும் முழங்கினேன்.
முழங்கியதில் ஒரு சொல்லையும்
இப்போது திரும்ப வாங்கமாட்டேன்.
ஜேக்கப்ஸில் அறுபது பேருக்கு
வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.
அவர்கள் வீட்டு வாடகை
ஏழு நாளுக்கும் ஓடுகிறது.

ஞாயிறு காலை ஊறவைத்தேன்.
வாளி முழுக்கச் சிவப்பு இறங்கியது.
அச்சில் 'நிறுத்து' பாதி உரிந்து
தண்ணீரில் மிதந்தது.
தோளை இரு கையாலும்
இழுத்துப் பார்த்தேன்,
ஆலையில் சோதனை மேசையில் இழுப்பதுபோல
இரக்கமில்லாமல்.

ஆரஞ்சு நூல் அசையவில்லை.
நல்ல கை.
எங்கள் வரிசையில் இருந்திருந்தால்
என் பக்கத்து மெஷினில்
உட்காரவைத்திருப்பேன்.